துணியாவது வரட்டும்

ஜரிகை உள்ளே போக வேண்டும், ஜரிகையும் ஜரிகையும் உரசக் கூடாது, நடுவில் மெல்லிய மல் துணி, அப்புறம்தான் மடிப்பு, அதுவும் பழைய மடிப்பு விழுந்த கோட்டிலேயே விழாமல் நாலு விரல் தள்ளி. இதை மீனலோசனிக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்து வைத்துக்கொண்டதுதான். பேசாமல் ஓரமாக நிற்கிறவளுக்குக் கிடைக்கிற லாபம் இது. கூட வந்தவர்கள் அரக்கா மாம்பழமா என்று கடையை இரண்டாக்கிக்கொண்டிருக்கும்போது, புடவையை மடிக்கிறவரின் கட்டைவிரல் எங்கே அழுத்துகிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கலாம். மின்விசிறியை நிறுத்தியிருந்தாள், சுற்றவிட்டால் மல் துணி எழும்பிப் பறக்கும். வேர்வை மூக்கு நுனிக்கு வருமுன் தோளில் துடைத்துக்கொண்டாள். பட்டில் ஒரு சொட்டு விழுந்தால் அது விமானம் ஏறி, கடல் தாண்டி, ஆக்லாந்து மண்டபத்தில் கல்யாணப் பெண்ணின் தோள்மேல் ஒரு வட்டமாக உட்கார்ந்து, இது திண்டுக்கல் வேர்வை என்று எல்லோருக்கும் சொல்லும். விழாது. இந்த ஒரு வேலையில் அவள் கைக்குத் தப்பு வராது. புடவை மடிப்பதைப் பரீட்சையாக வைத்திருந்தால் பல்கலைக்கழகத்தில் முதலாக வந்திருப்பாள். மேடையேறிப் பதக்கம் வாங்க வேண்டுமே என்று பயந்து அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்திருப்பாள், அது வேறு. மாலை ஆறு மணிக்குக் கார் வரும். மதுரையில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, ஆக்லாந்தில் இறங்க வேண்டும். அண்ணன் சோமசுந்தரத்துக்குக் கல்யாணம். மூன்று பேரும் போவதாகத்தான் டிக்கெட் போட்டது. போன மாதம் அப்பாவின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள், இப்போதைக்கு அவ்வளவு தூரம் விமானத்தில் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அப்பாவை விட்டுவிட்டு அம்மா வரமாட்டாள், அங்கே மண்டபத்தையும் தேதியையும் மாற்ற வழியில்லை. மூன்றில் இரண்டு கழிந்து மிச்சம் நின்றது அவள். மாப்பிள்ளை வீட்டார் என்றால் இனி அவள் ஒருத்திதான். பெண் வீட்டார் நூற்றைம்பது பேர் வாசலில் கூடி ஆரத்தித் தட்டை எடுக்கும்போது, தட்டுக்கு எதிரே நிற்கப்போவது ஒரு கைப்பையும் ஒரு ஸ்வெட்டரும் மீனலோசனியும்.

அடுத்த புடவையை எடுத்து உதறினாள். வேப்பிலைச் சருகு கட்டிலெங்கும் கொட்டியது. அம்மாவின் பீரோவிலிருந்து வருகிற எந்தப் பட்டும் இப்படித்தான், மடிப்புக்கு மடிப்பு வேப்பிலை, அடியில் ஒரு துண்டு வசம்பு. பூச்சி அண்டாது, கண்ணும் படாது. இங்கே அது சரி. அங்கே இறங்கியதும் ஒரு அதிகாரி நிற்பார், இலை, விதை, பழம், பூ என்று எதைக் கொண்டுவந்தாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் போய் மாட்டினால் அபராதம். தாவரவியல் படித்தவள் என்பதால் அந்த முகம் தெரியாத ஆள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒரு பழத்துக்குள் இருக்கிற ஈ முட்டை ஒரு தீவின் தோட்டங்களையே காலி செய்யும் என்று அவளே பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். இதை அம்மா மண்டையில் ஏற்றத்தான் ஒரு வாரம் பிடித்தது. "சிறுமலைப் பழம் ஒரு சீப்பு கூடவா விடமாட்டான்?" "விடமாட்டாங்கம்மா." "மஞ்சக் கிழங்கு?" "ம்ஹூம்." "தேங்கா?" "அம்மா!" "அப்புறம் என்னடி கல்யாணம் அது? பதிவாபீசுல கையெழுத்துப் போட்டுட்டு ஆளுக்கொரு டீ குடிச்சிட்டு வந்துற வேண்டியதுதான?" எல்லாம் அங்கேயே கிடைக்கும் என்று அண்ணன் போனில் சத்தியம் செய்த பிறகுதான் அம்மா அடங்கினாள். மீனலோசனி புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், ஜரிகை இடுக்கில் ஒட்டியிருந்த ஒரு காம்பை நகத்தால் எடுத்தாள், உதறினாள், மறுபடி பார்த்தாள். ஒரு சருகு இல்லை. அதிகாரியிடம் சொல்லவேண்டிய ஆங்கில வாக்கியமும் தயார். அண்ணன் கல்யாணத்துக்கு வந்திருக்கிறேன், இவை உடுத்துகிற துணிகள், இதில் மஞ்சள் தோய்த்த கயிறு ஒன்று இருக்கிறது, பாருங்கள். குளியலறையில் சொல்லிப் பார்த்தபோது ராணி மாதிரி வந்தது. அங்கேயும் வரும். குரலுக்கு என்றைக்கும் ஒன்றும் ஆகாது, சின்னதாக இருந்தாலும் நேராக வரும். கைதான் காட்டிக்கொடுத்துவிடும். கருத்தரங்கில் இலைத்துளைகளைப் பற்றி வாசித்தபோது கையிலிருந்த தாள் சலசலவென்று அடித்துக்கொண்டது, முன் வரிசையில் ஒருத்தி நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தாள். அது ஓடவில்லை. அவள் பார்த்ததை மீனலோசனியும் பார்த்தாள், எதைத்தான் பார்க்காமல் விட்டாள், பார்த்ததால் நடுக்கம் இன்னும் கூடியது. இருந்தாலும் வாசித்து முடித்தாள். தாளை மேஜைமேல் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக்கொண்டு கடைசி வரிவரைக்கும் முடித்தாள். சரி. தாலிக்கயிற்றை எந்த மேஜைமேல் வைத்து அழுத்துவது?

ஏனென்றால் மூன்றாவது முடிச்சு அவளுடையது. மாப்பிள்ளை இரண்டு போடுவான், மூன்றாவதை அவன் கூடப்பிறந்தவள் போட வேண்டும், நாத்தனார் முடிச்சு. இங்கே கல்யாணம் நடந்திருந்தால் பெரியம்மா மகள், சித்தப்பா மகள் என்று முன்னால் தள்ளிவிட ஐந்தாறு பேர் இருப்பார்கள், தாலி கட்டுகிற நேரத்தில் மணவறையைச் சுற்றி நிற்கிற கூட்டத்தில் யார் கை என்ன செய்தது என்று எவருக்குத் தெரியப்போகிறது. அங்கே அப்படி இல்லை. கல்யாணப் பெண் ரோஷ்னியின் முன்னோர் கரும்பு வெட்ட பிஜித் தீவுக்குக் கப்பலேறியவர்கள். நாலு தலைமுறையில், கொண்டுபோன தமிழெல்லாம் கரைந்து, இப்போது அந்த வீட்டில் மிஞ்சியிருப்பது அம்மா, ரசம், ஐயோ, அப்புறம் நாத்தனார். அந்த நாலாவது வார்த்தையில்தான் மீனலோசனி மாட்டிக்கொண்டாள். "எங்க வீட்டுப் பெரியவங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்க, எங்க யாருக்கும் எப்படின்னு தெரியாது, நீதான் செஞ்சு காட்டணும். எல்லாருக்கும் தெரியற மாதிரி பெரிய திரையில போடறோம்" என்று ரோஷ்னி ஆங்கிலத்தில் சொன்னாள், சொல்லிவிட்டு "நாத்தனார்!" என்று சிரித்தாள், ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பத்திரமாகத் தூக்கி வைத்து. அந்தச் சிரிப்பு மீனலோசனிக்குப் பிடித்திருந்தது. திரை பிடிக்கவில்லை. திரையில் அவள் விரல் முருங்கைக்காய் நீளத்துக்குத் தெரியும், நடுங்கினால் மண்டபமே நடுங்கும். அதனால் ஒரு வாரமாகக் கட்டில் காலில் பாவாடை நாடாவைச் சுற்றிப் பழகுகிறாள். கட்டில் கால் நல்ல மணப்பெண், குனிந்த தலை நிமிராது. கதவைச் சாத்திக்கொண்டு போட்டால் முடிச்சு கல் மாதிரி விழுகிறது. முந்தாநாள் பழகும்போது அம்மா சட்டென்று உள்ளே வந்துவிட்டாள், விரல் ஆடியது, ஆடிக்கொண்டே போட்டாள், அம்மா போன பிறகு இழுத்துப் பார்த்தால் அதுவும் இறுகித்தான் இருந்தது. அது என்னவோ மனதின் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும், இப்போது வேண்டாம், இப்போது அண்ணனின் பட்டு வேட்டி.

முகூர்த்தப் புடவையும் தாலியும் கைப்பையில். அதை விமான நிலையத்தில் பெட்டிகள் ஓடுகிற எந்தப் பட்டையிலும் சுழலவிடுவதில்லை, மடியில் வைத்துக்கொண்டு போவது. மற்றதெல்லாம் பெரிய பெட்டியில். அடியில் கனமான ஸ்வெட்டர்கள், நமக்கு வைகாசி அவர்களுக்குக் குளிர்காலமாம், அதன் மேல் அண்ணனின் வரவேற்புக் கோட்டு, தோள் நசுங்காமல் இருக்க ஒரு தோளை உள்புறம் வெளியே வரத் திருப்பி மற்றதற்குள் செருகி, கைகளுக்குள் காலுறைகளைச் சுருட்டி வைத்தாயிற்று. வேட்டியை வைக்க இடம் பார்த்தபோது பக்கவாட்டில் ஒரு பொட்டலம் இருந்தது, அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையில் சுற்றி. அவள் குளிக்கப் போன நேரத்தில் வைத்திருக்க வேண்டும். பிரித்தாள். மயில்கழுத்துப் பட்டு. அப்பாவின் எட்டு முழப் பட்டு வேட்டி, அங்கவஸ்திரம். கல்யாணத்துக்கென்று அவர்கள் இரண்டு பேருக்கும் எடுத்தது. "அம்மா, இது என்னம்மா, உங்களோடது உள்ள இருக்கு?" அடுப்பங்கரையில் கரண்டிச் சத்தம் நின்றது. "இருக்கட்டும்டி. நாங்க வரலேன்னா என்ன, துணியாவது வரட்டும். மணவறைக்குப் பக்கத்துல ரெண்டு நாற்காலியப் போட்டு மேல வச்சிரு. பெத்தவங்க எடம் காலியா இருக்கக் கூடாதுல்ல." "சரிம்மா." வாய் தானாகச் சொன்னது. அவள் வாய்க்கு அந்த ஒரு வார்த்தையில் நல்ல தேர்ச்சி. சொன்ன பிறகுதான் நாற்காலிகள் கண்ணில் வந்தன. சிவப்புத் துணி போர்த்திய இரண்டு நாற்காலி, ஒன்றில் புடவை, ஒன்றில் வேட்டி, எதிரே விளக்கு, யாராவது ஒரு நல்ல மனசுக்காரி மேலே பூவும் வைத்துவிடுவாள். இதை அவள் பார்த்திருக்கிறாள். எங்கே? போன வெள்ளிக்கிழமை, இந்த வீட்டில், நடு அறையில். கல்யாணம் வைத்தால் போய்ச் சேர்ந்தவர்களுக்கு முதலில் துணி வைத்துக் கும்பிட வேண்டும் என்று, அப்பாவைப் பெற்றவர்களின் படத்துக்கு முன்னால் பலகை போட்டு, இடது பக்கம் ஒரு புதுப் புடவை, வலது பக்கம் ஒரு புது வேட்டி துண்டு, மேலே பூ. மடித்து வைத்தது அவள்தான். ஆள் இல்லாத துணி. ஆள் வரமாட்டார்கள் என்று தெரிந்து வைக்கிற துணி. ச்சீ, நிறுத்து. இதை நினைக்கவே கூடாது. குழல் விளக்குக்குப் பின்னால் பல்லி ஒன்று இருக்கிறது, அது இந்த நேரம் பார்த்து உச்சுக்கொட்டினால் முடிந்தது. நினைத்ததற்கு ஆமாம் போட்ட மாதிரி ஆகிவிடும். மீனலோசனி பல்லியைப் பார்த்தாள். பல்லி மீனலோசனியைப் பார்த்தது. வாயைத் திறந்தாய் என்றால் பார்த்துக்கொள், உன்னையும் மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவேன், அதிகாரி உன்னைக் கவனித்துக்கொள்வார்.

அம்மாவுக்கு இது தோன்றவே இல்லை, அதுதான் ஆச்சரியம். உப்பு கொட்டினால், பூனை குறுக்கே போனால், விளக்கு மூன்று தடவை அணைந்தால் சகுனம் பார்க்கிறவள், தன் புடவையைத் தானே நாற்காலியில் வைக்கச் சொல்கிறாள். ஆசை கண்ணை மறைக்கும் என்பது இதுதான் போல. போக முடியாத இடத்துக்குத் தன்னில் ஒரு துண்டையாவது அனுப்பிவிட வேண்டும். இதைப் போய் எப்படிச் சொல்வது, அம்மா, நீ செய்யச் சொல்வது இன்னதுபோல் இருக்கிறது என்று? சொன்னால் சொன்னது வீட்டுக்குள்ளேயே நிற்கும். அப்பாவின் நெஞ்சுக்குள் இன்னும் பழகாத ஒரு கம்பிவலை இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் போய் நிற்கும். அப்பா அப்போதுதான் உள்ளே வந்தார், கையில் ஒரு பூட்டு. மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர், இடி மின்னலில் கம்பம் ஏறியவர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நடையில் மட்டும் ஒரு யோசனை சேர்ந்திருக்கிறது. "பாப்பா, இந்தா, நம்ம ஊர்ப் பூட்டு. எவன் திறப்பான்னு பாப்போம்." "அப்பா, இது கோயில் உண்டியலுக்குப் போடறது. பெட்டியைவிடப் பூட்டு கனமா இருக்கு." அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண் பெட்டிக்குள் போனது. சுங்குடித் துணி விரிந்து கிடந்தது, அதன் நடுவில் அவருடைய வேட்டி, மயில்கழுத்துப் பட்டுக்கு வலது பக்கம். சிரிப்பு பாதியில் நின்றது. "அது எதுக்கு அங்க?" "அம்மாதான், நாற்காலில வைக்கச் சொல்லி." "ம்." அவ்வளவுதான். சாவியைப் பூட்டில் விட்டு ஒரு தரம் திருப்பினார், மறுபடி திருப்பினார், வெளியே போய்விட்டார். போகும்போது வலது கை சட்டைப் பையைத் தொட்டுவிட்டு இறங்கியது. கண்ணாடி தேடுகிறவர் மாதிரி. கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. எதையும் பார்க்காமல் விடாத கண்ணை வைத்துக்கொண்டு மனுஷி என்ன செய்வாள்? அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கார் வருவதற்குள் அந்தத் துணி பெட்டியிலிருந்து வெளியே வந்தாக வேண்டும், ஏன் என்று யாரும் சொல்லாமல், யாரையும் சொல்லவும் விடாமல்.

பொய் சொல்லிப் பார்த்தாள். "அம்மா, எடை கூடிருச்சு. ஏதாவது எடுக்கணும்." அம்மா ஈரக்கையோடு வந்து, பெட்டியை மேலிருந்து கீழ்வரை ஒரு நீதிபதி மாதிரி பார்த்து, பருப்புப்பொடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "போதுமா?" இவ்வளவுதான் அவள் பொய்யின் பலம். போனதும் பருப்புப்பொடி. பொய்க்குப் பயிற்சி வேண்டும், அது அவளுக்கு இல்லை. பேசாமல் மதுரை விமான நிலையத்தில் எடுத்து டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிடலாமா? பெட்டியைத் திறந்து, அத்தனை பேர் நடுவில், பட்டை வெளியே எடுத்து, ஐயோ. அல்லது கொண்டுபோய்ப் பெட்டியிலேயே வைத்திருந்து திரும்பக் கொண்டுவந்துவிடலாமா, நாற்காலியில் வைத்தேன் என்று சொல்லி? முடியாது, அம்மா போன் வீடியோவில் தேடுவாள், எங்கடி நாற்காலி, அந்தப் பக்கம் காட்டு, இந்தப் பக்கம் காட்டு என்று தாலி கட்டுகிற நேரத்தில் நாற்காலியைத்தான் தேடுவாள். போனில். மீனலோசனி கையிலிருந்த ரவிக்கையைக் கீழே வைத்தாள். அம்மா போனில் தேடுவாள் என்றால் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். முகூர்த்தம் அங்கே காலை பத்தரை. இங்கே அப்போது நாலு மணி, விடியாத நாலு. அந்த நேரத்தில் அம்மா எப்படி இருப்பாள்? பூப்போட்ட நைட்டி, அதன்மேல் ஒரு துண்டு, அவிழ்ந்த கொண்டை. அப்பா பனியனும் கைலியும். அங்கே பெரிய திரை. அண்ணன் சொல்லியிருந்தான், உங்களையும் அதில் போட்டுவிடுவோம், எல்லாரும் பார்க்கட்டும் என்று. அதைக் கேட்டபோது அவள் தன் விரல்களைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டாள். நூற்றைம்பது பிஜிக்காரர்களுக்கு முன்னால், முருங்கைக்காய் அளவு விரலுக்குப் பக்கத்தில், தென்னைமர உயரத்துக்கு ஒரு நைட்டி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சிரிப்பாக ஒரு தைரியமும் வந்தது, எங்கிருந்து என்று தெரியவில்லை, வேப்பிலை மாதிரி ஏதோ ஒரு மடிப்பில் ரொம்ப நாளாக இருந்திருக்க வேண்டும்.

பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். "இது வரல." அம்மா திரும்பினாள். மீனலோசனி இந்த வீட்டில் 'வரல' என்று எதற்கும் சொன்னதில்லை.

"என்னடி வரல?"

"இந்தத் துணி என்னோட வரல. இங்கதான் இருக்கணும். கல்யாணத்தன்னைக்கு நீ இதைக் கட்டிக்கணும், அப்பா இதைக் கட்டிக்கணும். ரெண்டு பேரும் நடு ரூம்ல சோபாவுல உக்காரணும். அங்க உங்களைப் பெரிய திரையில காட்டப் போறாங்க."

"எங்களையா? எதுக்கு?"

"பின்ன? மாப்பிள்ளையைப் பெத்தவங்க யாருன்னு அவங்க பாக்க வேணாமா? நாலு மணிக்கு நைட்டியோட உக்காந்துருப்ப. அங்க சம்பந்தியம்மா பாத்துட்டு, ஏதோ ஆஸ்பத்திரில இருந்து பேசறாங்கன்னு நெனச்சுக்குவாங்க."

"அடிப் போடி." அம்மாவின் கை தன்னையறியாமல் கொண்டையைத் தொட்டுச் சரிசெய்தது. "விடியாத நேரத்துல பட்டக் கட்டிக்கிட்டு, எதிர் வீட்டுக்காரி என்ன நெனப்பா? சரி, அப்ப அந்த நாற்காலி?"

"நாற்காலியில போனை வைக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் அதுல இருப்பீங்க. எடம் ஒண்ணும் காலியா இருக்காது. நான் முடிச்சுப் போடறதுக்கு முன்னாடி உன்னைத்தான் பாப்பேன், நீ தலையாட்டினாத்தான் போடுவேன்."

கூடத்தில் பூட்டுச் சத்தம் நின்றிருந்தது. "பாப்பா சொல்றதுதான் சரி" என்று அப்பாவின் குரல் வந்தது. கொஞ்சம் அவசரமாக வந்தது. பிறகு அவரே வந்து கதவோரம் நின்றார். "அந்த வேட்டியை எடுத்து வெளிய வை. முந்தின நாளே நான் சவரம் பண்ணிக்கணும், ஞாபகப்படுத்துங்க."

அம்மா புடவையை வாங்கிக்கொண்டாள். பிரித்து ஒரு முழம் தோளில் போட்டுப் பார்த்தாள், எவர்சில்வர் குடத்தின் வயிற்றில் அது மயில்கழுத்து நிறத்தில் வளைந்து தெரிந்தது. எதையோ கணக்குப் போடுகிறவள் மாதிரி நின்றாள். "அங்க பத்தரைன்னா இங்க நாலுங்கற?"

"ஆமா."

"அப்படின்னா நமக்கு அது பிரம்ம முகூர்த்தம்டி! அவங்களுக்கு வெறும் பத்தரை." பிஜியில் பாதி, ஆக்லாந்தில் பாதி என்று இருக்கிற ஒரு சம்பந்தி வீட்டை ஒரே அடியில் ஜெயித்துவிட்டவள் மாதிரி அப்பாவைப் பார்த்தாள். "கேட்டீங்களா? நம்ம வீட்டுலதான் நல்ல நேரம்." அப்பா சிரித்தார். இந்தத் தடவை சிரிப்பு முழுசாக முடிந்தது. வலது கை சும்மா இருந்தது.

பெட்டியில் இப்போது ஒரு பள்ளம். அப்படியே விட்டால் குலுங்கி எல்லாம் சரியும். பருப்புப்பொடி டப்பாவை வாங்கி வந்து, சுங்குடித் துணியில் சுற்றி, அளந்து செய்தது போல அதற்குள் உட்காரவைத்தாள். அதையும் அதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது, அவர் எடுத்துக்கொண்டால் வாசனையாவது அவருக்குக் கிடைக்கட்டும். மின்விசிறியைப் போட்டாள். சருகுகள் கட்டிலிலிருந்து எழும்பித் தரையில் ஓடின. பல்லி இடம் மாறியிருந்தது, கடைசிவரை வாயைத் திறக்கவில்லை, நல்ல பல்லி. கார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. பூட்டு வேண்டாம் என்றால் கயிறாவது கட்டு என்று அம்மா, ஜிப் இருக்கும்மா என்று அவள், ஜிப்பை நம்பி யாராவது பட்டுக் கொடுத்தனுப்புவாங்களா என்று அம்மா. ஒரு நாளைக்கு ஒரு ஜெயம் போதும். கயிற்றை வாங்கினாள். வாசலில் வைத்துப் பெட்டியைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றினாள். டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார், எதிர் வீட்டு மாடியில் இரண்டு தலை, அப்பா, அம்மா. கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள், அதற்கும் ஒரு வேலை வேண்டாமா. ஒரு முடிச்சு. இரண்டு. நிமிர்ந்தாள். அம்மா அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்து மெதுவாகத் தலையாட்டினாள். மூன்றாவதைப் போட்டாள். இரண்டு முனையையும் பிடித்து, விரல் ஆட ஆட, முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தாள்.

அவிழவில்லை.